வான்கோழியைக் கூப்பிடும் பெட்டி

என்னுடைய கணவருக்குக் கதைக்காமல் இருக்கத் தெரியாது. கொழும்பில் மருந்துக் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். டொக்டர்மாரின் அறைக்கு வெளியே பையோடு காத்திருந்து, உள்ளே கூப்பிட்டதும் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் டொக்டரின் பிள்ளைகளைப் பற்றி ஒன்பது வார்த்தையும் கதைத்துவிட்டு வருவார் என்று அவருடைய மனேஜரே சொல்லிச் சிரிப்பாராம். வீட்டிலும் அப்படித்தான். குளித்துக்கொண்டே கதைப்பார். நான் குசினியில் நின்று "ம்" கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் தலையில் சவுக்கார நுரையோடு கதவைத் திறந்து, "இஞ்சேரும், கேக்குதோ?" என்பார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்களால் கொழும்பில் இருக்க முடியவில்லை. அடுத்த வருடக் கடைசியில் சிட்னிக்கு வந்து சேர்ந்தோம். ஒரே மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகிற வயது. எனக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவருக்குத்தான் கிடைக்கவில்லை. வாயால் பிழைத்த மனிசன், இங்கே வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர்கள் "பார்டன்?" என்றார்கள். நேர்முகம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த நாளில் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "நான் சொன்னதை ஒருக்கால் கேட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் பார்டன் எண்டால் மனிசன் என்ன செய்யிறது?" என்று கேட்டார். அன்று குளியலறையில் சத்தமே வரவில்லை.

கடைசியில் ஒரு பழைய மர யார்ட்டில் ஆணி பிடுங்குகிற வேலைக்குப் போனார். இடிக்கிற கட்டடங்களிலிருந்து லொறியில் வந்து குவியும் கூரை வளை, பலகை, கதவு, படிக்கட்டு எல்லாவற்றிலும் உள்ள ஆணிகளைப் பிடுங்கி, நல்லதை ஒரு பக்கமும் உளுத்ததை இன்னொரு பக்கமும் அடுக்கவேண்டும். மெல்லிய கைகள் அவருடையவை. முதல் கிழமை இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப் போய் வந்தார். நான் எண்ணெய் பூசிவிடும்போது, "ஏதாவது வேற பாப்பமே" என்றேன். அவர், "பொறும், அங்க ஒருத்தன் இருக்கிறான். என்ர இங்கிலீஷுக்கு அவன் பார்டன் சொல்லேல்லை" என்றார்.

அந்த ஒருத்தன் ஓர் அமெரிக்கர். தெற்குப் பக்கத்து மலைநாட்டுக்காரர். வியட்நாம் சண்டைக் காலத்தில் லீவுக்குச் சிட்னிக்கு வந்து, இங்கே ஒரு பெண்ணில் மனதை விட்டு, சண்டை முடிந்ததும் திரும்பி வந்து கலியாணம் கட்டியவர். கலியாணம் நிலைக்கவில்லை, மனிசன் மட்டும் இங்கேயே நின்றுவிட்டார். நெடுத்த ஆள். பேச்சு மிகக் குறைவு. அவருடைய இழுத்து இழுத்துப் பேசுகிற இங்கிலீஷும் இங்கே உள்ளவர்களுக்கு விளங்குவதில்லை, அவருக்கும் நாள் முழுக்க பார்டன்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவர் கதைக்க அவர் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. "ம்" கொட்ட இன்னொரு ஆள் கிடைத்துவிட்டதே.

ஒருநாள் இவர் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு மேசையில் ஒரு மரப்பெட்டியை வைத்தார். ஒரு சாண் நீளம், ஒடுக்கம். மேலே துடுப்புப் போன்ற கைபிடியோடு ஒரு மூடி, ஒரு முனையில் ஒற்றைத் திருகாணியில் ஆடிக்கொண்டிருந்தது. மூடியின் அடிப்பக்கத்தில் சோக்குப் பூசியிருந்தது. "கேளும்" என்று சொல்லிவிட்டு மூடியைப் பெட்டியின் விளிம்பில் மெதுவாக இழுத்தார். கியோக், கியோக், கியோக். உயிருள்ள பறவை ஒன்று மேசைக்குள் இருந்து கூப்பிட்டது போல இருந்தது. மகள் கதிரையை விட்டு இறங்கி மேசைக்குக் கீழே தேடினாள்.

அது வான்கோழியைக் கூப்பிடும் பெட்டி. அமெரிக்கரின் ஊரில் வசந்தகாலத்தில் வேட்டைக்காரர்கள் காட்டில் மரத்தடியில் ஒளிந்திருந்து, பெட்டையின் குரலை இந்தப் பெட்டியில் எழுப்புவார்களாம். சேவல் ஆசைப்பட்டுத் தேடி வருமாம். வந்தால் வெடிதான். அவருடைய தமையனுக்கு அங்கே வேட்டைச் சாமான் கடை ஒன்று இருந்தது. பழைய மரத்தில் செய்த பெட்டிகளுக்கு அங்கே நல்ல மதிப்பு. அது எந்தக் கட்டடத்து மரம், அந்தக் கட்டடத்தின் கதை என்ன என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். இவர் வேலையில் நிற்கும் யார்ட்டில் அப்படியான மரம் மலைபோல வந்து விழுந்தது. கைதிகளை இங்கே கப்பலில் கொண்டுவந்த காலத்து வீடொன்றின் படிக்கட்டு, துறைமுக வளை, ரயில் பெட்டிக் கதவு, கோர்ட்டில் ஆட்கள் இருந்த நீள வாங்கு.

"அப்ப இது பொய்யனின்ர பெட்டி" என்று இவர் அமெரிக்கரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஆமாம். அதனால்தான் நான் செய்வதோடு நிறுத்திக்கொண்டேன். சண்டைக்குப் பிறகு நான் எதையும் சுட்டதில்லை" என்றாராம் அவர்.

அதற்குப் பிறகு, தமையனின் கடைக்குப் பெட்டிகள் செய்து அனுப்புவதற்காக, சனிக்கிழமைகளில் அமெரிக்கர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். நாங்கள் டூங்கபியில் பழைய வீடொன்றை வாங்கியிருந்தோம். அவர் இருந்தது சின்ன பிளாட், எங்களிடம் கராஜ் இருந்தது. அவர் வெட்டி ஒட்டுவார், இவர் விளிம்பை மட்டத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குரலைச் சரிபண்ணுவார். ஒரு மயிரளவு தடிப்பு கூடினால் குரல் அடைத்துவிடும், குறைந்தால் கீச்சிடும். இவர் தேய்ப்பார், இழுப்பார், தலையைச் சரித்துக் கேட்பார், திரும்பத் தேய்ப்பார். அத்தனை நேரமும் வாய் ஓயாது. நான் தேத்தண்ணியும் வடையும் கொண்டுபோனால் அமெரிக்கர் எழும்பி நின்று, "நன்றி, மேடம்" என்பார். எத்தனையோ தரம் சொல்லியும் அந்த மேடத்தை அவர் விடவில்லை. பக்கத்து வீட்டு லெபனீஸ் மனிசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, கோழி வளர்க்கிறீர்களா, முட்டை தருவீர்களா என்று கேட்டாள்.

ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் மரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சூடான கம்பியால் சுட்டு எழுதுவார்கள். அதில் இவர் காட்டிய பிடிவாதத்தைச் சொல்லவேண்டும். ஒருதரம் லொறி ட்ரைவர், "ஏதோ பழைய சேர்ச்" என்று சொல்லிப் பலகைகளை இறக்கிவிட்டுப் போனான். சேர்ச் என்று எழுதினால் போதும் என்று அமெரிக்கர் சொன்னார். இவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து அந்த இடத்துக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டுதான். வெறும் நிலம், சுற்றிவரக் கம்பிவேலி. பஸ் தரிப்பில் இருந்த ஒரு வயதான மனிசியிடம் பேச்சுக் கொடுத்தார். இவருடைய இங்கிலீஷ் அவவுக்கு விளங்குமட்டும் விடாமல் கேட்டார். சேர்ச் முந்தியே எரிந்துபோய்விட்டதாம். இப்போது இடித்தது அதற்குப் பின்னால் இருந்த சிறுபிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு மண்டபமாம். இவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ரயிலில் வரும்போது, "பாத்தீரே, இது பிள்ளையள் பாட்டுப் பாடின பலகை" என்றார்.

"அமெரிக்காவில இருக்கிறவைக்கு எதெண்டு தெரியப்போகுதே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

அப்படிப் பல வருடங்கள் போயின. மகள் வளர்ந்து யூனிவர்சிட்டிக்குப் போனாள். இவர் யார்ட்டில் மேற்பார்வையாளரானார். பழைய மரம் தேடி வருகிற கட்டடக் கலைஞர்கள் இவருடைய கதையைக் கேட்கவே வந்து நிற்பார்கள் என்று அமெரிக்கர் சொல்வார். பார்டன் சொன்ன ஊர் கடைசியில் அவருக்குக் காது கொடுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அது ஒரு சனிக்கிழமை காலை. நான் குசினியில் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். கராஜிலிருந்து இவருடைய கதை கேட்டுக்கொண்டிருந்தது. ரேடியோ போல அது எந்த நேரமும் பின்னால் ஓடுகிற சத்தம், நான் கவனிப்பதில்லை. அது நின்றதும் கவனித்தேன். கையிலிருந்த அகப்பையோடு யன்னலால் பார்த்தேன். அமெரிக்கர் இவரைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி நிலத்தில் இருந்தார். இவருடைய வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கையில் மட்டத்தாள் அப்படியே இருந்தது.

ஸ்ட்ரோக். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அந்த இளம் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூளையில் பேச்சு இருக்கிற இடம் பழுதாகிவிட்டது என்று சொன்னாள். எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்லமுடியாதாம்.

திரும்பி வந்தது ஒரே ஒரு சொல். "ஓம்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அவர் "ஓம்" என்று சொன்ன நாளில் நான் அழுது, நேர்ஸைக் கட்டிப்பிடித்தேன். அடுத்த நாள் விளங்கிவிட்டது. பசிக்குதோ? ஓம். பசிக்கேல்லையோ? ஓம். நோகுதோ? ஓம். ஆம் என்பதற்கும் ஓம், இல்லை என்பதற்கும் ஓம், என் பெயருக்கும் ஓம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படங்களைக் காட்டினாள். கோப்பை, பூட்டுத் திறப்பு, நாய். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். "சார், இது நாயா? ஆமாவா, இல்லையா, சொல்லுங்க" என்று குனிந்து கேட்டார். "ஓம்" என்றார் இவர். திறப்பின் படத்தைக் காட்டி, இது நாயா என்று கேட்டாலும் "ஓம்." ஆனால் அவருடைய கண்ணுக்குத் தெரியும், தான் சொன்னது பிழை என்று. வாய்க்கு எட்டும்முன்னே சொல் மாறிவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருதரம் முயல்வார். நெற்றியில் வேர்த்துவிடும். வந்து விழுவது அதே ஓம்தான். கொஞ்ச நாளில் படங்களைக் கண்டதுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சில்லுக்கதிரையில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எங்கள் வீட்டில் இருந்த அமைதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் வேலையை விட்டுவிட்டேன். குசினியில் நின்று, என்னையறியாமல் "ம்" என்று சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுப் போயிருக்கிறேன்.

அமெரிக்கர் கிழமைதோறும் வந்தார். கதைக்கிற ஆள் கதைக்காமல் போக, கதைக்காத ஆள் என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவார். ஒருநாள் ஒரு பலகையோடு வந்தார். சில்லுக்கதிரையின் கைப்பிடியில் கவ்விப்பிடிக்கிற மாதிரிச் செய்து, அதன் மேலே ஒரு பெட்டியைத் திருகாணியால் இறுக்கியிருந்தார். ஒற்றைக் கையால் இழுக்கலாம்.

"மேடம், இவருக்குக் கோபம் வந்தால் நான் கழற்றிக்கொண்டு போய்விடுகிறேன்" என்றார்.

இவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையைக் கொண்டுபோய் மூடியை இழுத்தார். கரகரவென்று ஒரு சத்தம். முகத்தைச் சுளித்தார். இன்னொருதரம் இழுத்தார். பெட்டியின் உட்பக்க விளிம்பை விரலால் தட்டித் தட்டிக் காட்டி, "ஓம். ஓம். ஓம்!" என்று அமெரிக்கரை அதட்டினார். அந்த இடம் தடிப்பாம். தேய்க்கச் சொல்கிறார். அமெரிக்கர் பொக்கெட்டில் கொண்டுவந்திருந்த மட்டத்தாளை எடுத்து முழங்காலில் இருந்து தேய்த்தார். இழுப்பு, அதட்டல், தேய்ப்பு. கடைசியில் கியோக், கியோக் என்று சுத்தமாக வந்தது. இவர் சாய்ந்து இருந்துகொண்டார். அமெரிக்கர் எழும்பவில்லை, முழங்காலிலேயே இருந்து மூக்கைத் துடைத்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் திரும்பவும் பேச்சு வந்தது. மெதுவாக இரண்டு தட்டு என்றால் பக்கத்தில் வந்து இரும் என்று அர்த்தம். நீளமாக மூன்று இழுவை என்றால் தண்ணி, அல்லது பாத்ரூம். படபடவென்று வெட்டி வெட்டி அடித்தால் கோபம், அநேகமாக நான் டிவி செய்தியை மாற்றியதற்கு. இதெல்லாம் யாரும் வகுத்ததல்ல, பழகப் பழக வந்தது. முக்கியமாக, அவர் கூப்பிட்டால் நான் "வாறன்!" என்பேன். நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் அந்தக் குரல் வந்து சேரும். அக்கம்பக்கமும் பழகிவிட்டது. லெபனீஸ் மனிசி மதிலுக்கு அப்பால் நின்று, "உன்னைக் கூப்பிடுகிறார், ஓடு" என்பாள்.

மகள் வேலை கிடைத்து மெல்பனுக்குப் போனாள், அங்கேயே கலியாணமும் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். நான் ரிசீவரைப் பெட்டிக்குக் கிட்டப் பிடிப்பேன். இவர் மெதுவாக, செல்லமாக இழுப்பார். "ஹாய் அப்பா, ஐ மிஸ் யூ டூ" என்று அவள் சொல்வது எனக்கும் கேட்கும். அவள் அவ்வளவு தெளிவாக என்ன விளங்கிக்கொண்டாளோ தெரியாது. ஆனால் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் என்னுடைய இடுப்பு எலும்புக்கு ஒப்பரேஷன் செய்யவேண்டி வந்தது. அவரைத் தூக்கித் தூக்கியே தேய்ந்துபோனது. நான் நடக்கத் தொடங்கும்வரை அவரை ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விடவேண்டும் என்று டொக்டர் சொன்னார். மகள் வந்து நின்று பார்த்து, நல்ல வெளிச்சமான இடமாகத் தெரிவுசெய்தாள். பெட்டியையும் கதிரையில் பூட்டித்தான் அனுப்பினோம்.

நான் எழும்பி நடந்து, அவரைக் கூட்டிவரப் போனபோது ஆள் மெலிந்திருந்தார். கதிரையில் பெட்டி இல்லை. அலுமாரிக்கு மேலே துவாய்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவருடைய வாயைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அன்று வேலையில் நின்றவர்கள் புதியவர்கள், கேட்டதற்குத் தெரியாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைக் கதிரையில் பூட்டினேன்.

அவர் தொடவில்லை.

நாள்கள் போயின, தொடவேயில்லை. தண்ணி வேண்டுமென்றால் நான் வந்து பார்க்கும்வரை பேசாமல் இருந்தார். நனைந்துபோய் இருந்தாலும் இருந்தார். ஓம் என்ற சொல்லும் குறைந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து மூடியில் வைத்தேன், கையை இழுத்துக்கொண்டார். "என்னோட கோபமோ? விட்டுட்டுப் போனனான் எண்டு கோபமோ?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் காத்திருந்துவிட்டு, "அம்மா, இஸ் ஹீ ஓகே?" என்று கேட்டாள்.

அவருடைய கம்பளிச் சால்வை ஒன்று அந்த இல்லத்தில் விடுபட்டுக் கிடக்கிறது என்று போன் வந்தது. அமெரிக்கர் என்னைத் தன் வான் வண்டியில் கூட்டிப்போனார். சால்வையைக் கொண்டுவந்து தந்தவள் ஒரு பிஜி நேர்ஸ். இவர் அங்கே இருந்தபோது காலை வேலை செய்தவள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு எங்களை வெளியே மரத்தடியில் இருத்திச் சொன்னாள்.

இவருடைய அறைக்கு எதிர் அறையில் ஒரு வயதான வெள்ளைக்கார மனிசி இருந்தாவாம். மறதி வியாதி. சிறுவயதில் எங்கோ மேற்கே ஒரு பண்ணையில் வான்கோழி வளர்த்த குடும்பம். இவர் பெட்டியை இழுத்த முதல் நாளே அவ தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாவாம். மடியிலிருந்து தானியம் அள்ளி எறிவது போலக் கையை வீசி, "வா, வா" என்று கூப்பிட்டாவாம். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் கூப்பிடுவார், அவ வருவா. அவ தானியம் போடுவா, இவர் குரல் கொடுப்பார். அங்கே வேறு யாரோடும் கதைக்காத இரண்டு பேரும் அப்படி மணிக்கணக்கில் இருப்பார்களாம். "எங்களுக்கும் பார்க்கச் சந்தோசமாக இருந்தது" என்றாள் நேர்ஸ்.

ஒருநாள் காலை இவர் கூப்பிட்டிருக்கிறார். அவ அவசரத்தில் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறா. வாசலில் செருப்புத் தடக்கி, இவருக்கு முன்னாலேயே விழுந்துவிட்டா. இவருடைய கதிரைக்குப் பிரேக் போட்டிருந்தது. எழும்பவும் முடியாது, கத்தவும் முடியாது. பெட்டியை அடித்திருக்கிறார். அடித்து அடித்து அடித்திருக்கிறார்.

நேர்ஸ் சொன்னாள்: "எங்களுக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருவரும் விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம். வழக்கமான சத்தம்தானே."

யாரோ துணி மாற்ற வந்தபோதுதான் கண்டார்களாம். மூடியின் கைபிடி உடைந்து, இவருடைய விரலில் இரத்தம் வந்திருந்ததாம். பெட்டியைக் கழற்றி மேலே வைத்தது அவர்கள்தான், ஆனால் அதற்கு முன்பே இவர் அதைவிட்டுக் கையை எடுத்துவிட்டாராம். கைபிடியைப் பிறகு பராமரிப்பு வேலைக்காரர் ஒட்டிக்கொடுத்திருக்கிறார். ஒட்டியிருந்த கோடு நான் பூட்டும்போது கண்ணில் படவேயில்லை. அந்த மனிசி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், சில கிழமைகளில் இறந்துபோனா.

வானுக்கு வந்து ஏறினோம். அமெரிக்கர் திறப்பைப் போட்டார், ஆனால் ஸ்டார்ட் பண்ணவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சத்தமான ஒன்றாகச் செய்து கொடுத்திருக்கலாம், மேடம்" என்றார்.

"சத்தம் போதாமல் போகவில்லையே" என்றேன் நான். அவர் வானை ஸ்டார்ட் பண்ணினார்.

வீட்டுக்கு வந்து, அவருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். சால்வையை அவர் மடியில் விரித்தேன். "எனக்குத் தெரியும்" என்றேன். "நேர்ஸ் எல்லாம் சொன்னவ."

என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அவ எப்படி இருக்கிறா என்றுதான் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. சுகமாக இருக்கிறா என்று சொல்ல வாய் எடுத்தேன். ஒரு பலகையில் பொய்யான பெயர் எழுதுவதற்கே சம்மதிக்காத மனிசனுக்கு நான் என்ன பொய் சொல்ல? "அவ போயிட்டா" என்றேன். "ஆஸ்பத்திரியில. நித்திரையிலதானாம்."

இடக்கையால் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஸ்ட்ரோக் வந்த காலத்தில்கூட அவர் அழுது நான் காணவில்லை.

"இஞ்ச பாருங்கோ. நீங்கள் கூப்பிட்டபடியால்தான் அவ விழுந்தவ எண்டு நினைக்கிறியளோ?"

"ஓம்" என்றார்.

"அப்பிடியில்லையப்பா. அங்க அவவுக்கு வேற ஆர் இருந்தவை? உங்களாலதான் அவ சிரிச்சவவாம். அதை நினைக்கமாட்டியளோ?"

"ஓம்" என்றார்.

எந்த ஓம் எந்த ஓம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அவர் நெஞ்சுக்குள் அது எப்படிக் கிடந்தது, நான் சொன்னதில் ஏதாவது உள்ளே போனதா, போய் ஆற்றியதா, ஒன்றும் தெரியாது. அன்று மாலை பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரை விட்டு எட்டப் போகாமல் பார்த்துக்கொண்டேன். குசினியில் வேலை இருந்தால் கதிரையையும் குசினிக்குத் தள்ளிக்கொண்டு போவேன். கதைப்பது என் வேலையாகிவிட்டது. பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காய் வந்ததையும், கோயிலில் யாரைக் கண்டேன் என்பதையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். சிலநேரம் அவர் கொஞ்சம் சிரிப்பார். அடுத்த வருடக் குளிர்காலத்தில், ஒரு காலைப்பொழுது, தமிழ் ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நான் பக்கத்திலேயேதான் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

செத்த வீட்டில் அமெரிக்கரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். தேவாரம் முடிந்ததும் எழும்பி முன்னால் வந்தார். கோட்டும் சூட்டும் போட்டு நான் அவரைக் கண்டது அன்றுதான். "இவர் பேசினார், நான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்து என் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் தனியாக இருந்து பார்த்தேன். முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு மெல்பனுக்கு வாருங்கள் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். கராஜில் மிஞ்சியிருந்த மரங்களை அமெரிக்கர் எடுத்துப்போனார். பெட்டியையும் அவரிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு வேண்டாமா, மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் இப்போது எதையும் செய்வதில்லை, தமையனும் இறந்துபோனார். வானின் முன்சீற்றில் அதை வைத்துக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்து ஒன்பதில், இலையுதிர் காலத்தில், மகள் தானே கார் ஓட்டி என்னை மெல்பனுக்குக் கூட்டிப்போனாள். சின்னனில் இருந்து நாங்கள் தமிழில் கேட்க அவள் இங்கிலீஷில் பதில் சொல்லித்தான் பழக்கம். அன்று கோல்பர்ன் தாண்டியதும் தமிழில் கேட்டாள்.

"அம்மா, அப்பா கொழும்பில எப்பிடி இருந்தவர்?"

சொன்னேன். மருந்துக் கம்பனி, மனேஜர், குளியலறை, சவுக்கார நுரை. அவள் சிரித்தாள். இன்னும் கேட்டாள். பஸ் தரிப்பில் அந்த மனிசியோடு கதைத்ததைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருந்தது. வறண்ட புல்வெளிகளும் ஆடுகளும் யன்னலால் போய்க்கொண்டிருந்தன. நான் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டே வந்தேன்.

கன நேரத்துக்குப் பிறகு அவள், "எனக்கு அவற்ர வொய்ஸ் ஞாபகம் வருகுதில்லை, அம்மா. கன காலமாச்சு. உங்களுக்கு வருகுதா?" என்று கேட்டாள்.

வருகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னதெல்லாம் இருந்தது. சொன்ன இடங்களும், அப்போது அவர் முகமும் இருந்தன. குரலை மட்டும் தேடிப் பார்த்தேன். மெல்லிய குரலா, தடித்த குரலா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எங்களிடம் கசெட்டும் இல்லை. மகளின் கலியாண வீடியோ எடுத்தபோது அவர் கதைக்கிற காலம் முடிந்திருந்தது.

மகள் காரை ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே இருந்து அழுதோம். பிறகு அவள் போய்க் காகிதக் கோப்பைகளில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தாள். சீனி போடாமல் வாங்கிவிட்டாள், திரும்பிப் போய் எடுத்து வந்தாள். மெல்பனுக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.